மழைக்கால வீடும் பொழுதும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்குள்ளும், வாசலில் முச்சக்கரவண்டிக்குக் காத்து நிற்கும்போதும் மழைக்கு வீட்டில் அடைபட்டுக் கிடக்கையில் பொழுதை எப்படிப் போக்குவது என்ற ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். வருடா வருடம் நின்று பதில் சொல்வதைவிட எழுதிவைப்பது சுகம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கொழும்பில ஏது விண்டர்? ஃபேன் போடாமல் படுக்க ஏலாத ஊரில இந்தக் கதை எதுக்கு?

பனி இல்லை, ஸ்வெட்டர் இல்லை, உண்மைதான். நுவரெலியாவில் ஜனவரி விடியல்களில் சிலவேளை புல்லில் உறைபனி படியும். இங்கே இரவு வெப்பநிலை 22 பாகைக்கு இறங்கினாலே போர்வை தேடுகிறோம். ஆனாலும் வீட்டுக்குள் அடைபடும் காலம் எங்களுக்கும் உண்டு. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் ஒக்டோபரும் நவம்பரும் சராசரியாகத் தலா 300ஐத் தாண்டிவிடும். மே மாதமும் கொட்டும்தான். ஆனால் ஆண்டு இறுதி மழையோடு பள்ளிக்கூட விடுமுறை, மார்கழி, நத்தார் எல்லாம் சேர்ந்து வருவதால் வீட்டில் ஆட்களும் கூட, நேரமும் கூட.

குளிர்நாட்டில் குறைவது வெளிச்சம். இங்கே டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. எங்களுக்குக் குறைவது ஈரமில்லாத நேரம். துணி காயாது, கடற்கரைக்கு நடக்க ஏலாது, காலி வீதி என்ற பிரதான வீதியில் வெள்ளம் நின்றால் பக்கத்துப் பம்பலப்பிட்டிக்குப் போவதே பெரும் பயணம். அதனால் எந்தப் பொழுதுபோக்கைத் தேர்ந்தாலும் முதலில் ஈரத்தை யோசியுங்கள். கீழே உள்ள பாதிப் பதில்கள் இதற்குத்தான் திரும்பி வரும்.

மழை எண்டா போனைத் தானே பார்க்க வேண்டிக் கிடக்கு. வேற என்னதான் செய்யிறது?

முதலில் மழை வரும் நேரத்தைக் கவனியுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலான நாட்களில் காலை வெளிச்சமாகவே இருக்கும். நண்பகலுக்குப் பிறகு முகில் கட்டி, இரண்டு மூன்று மணிக்கு இடி தொடங்கி, ஆட்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் கொட்டும். தாழமுக்கம் வந்தால் நாள் முழுக்கப் பெய்யும். அது வேறு கணக்கு.

ஆகவே வெளிச்சமும் காற்றும் வேண்டிய வேலைகளைக் காலைக்கு வையுங்கள்: செடி, தையல், படம் வரைதல், புத்தக அலுமாரி. பின்னேரத்துக்குக் கையும் காதும் போதுமான வேலைகள்: பின்னல், வானொலி, கடதாசி விளையாட்டு, அடுப்படி. போனை ஒளித்துவைக்கச் சொல்ல மாட்டேன். நாலு மணிக்குக் கை எதைத் தேடும் என்று காலையிலேயே தீர்மானித்து, அந்தப் பொருளை மேசையில் எடுத்துவைத்தால் போதும். தேடி எடுக்க வேண்டிய பொருள் ஒருநாளும் போனை வெல்லாது.

எனக்கு ஒரு பொழுதுபோக்கும் இல்லை அன்ரி. எங்க இருந்து தொடங்கிறது? கிளாஸுக்குப் போகவா?

வகுப்பு பிறகு. பன்னிரண்டு வயதில் யாரும் சொல்லாமல் எதைச் செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முத்திரை சேர்த்தீர்களா, அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் கீறினீர்களா, பழைய ரேடியோவைக் கழற்றினீர்களா? ஆசை அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

ஒன்றும் வாங்க வேண்டாம். இரண்டு கிழமை வீட்டில் உள்ளதை வைத்துச் செய்யுங்கள். பென்சிலும் பழைய பில்லின் பின்பக்கமும் போதும். அதற்குப் பிறகும் கை தேடினால் மட்டும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போகலாம். பெட்டி உடைக்காத பெயின்ட் செட்டுகள் இந்தக் கட்டடத்திலேயே நிறைய இருக்கின்றன. யாரிடம் என்று எனக்குத் தெரியும்.

காசு செலவில்லாமல் என்ன இருக்கு?

வாசிப்பு. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது, உள்ளே நூலகமும் உண்டு. ஒரு காலைப் பொழுதில் மழைக்கு முன் போய்வரலாம். கொழும்புப் பொது நூலகம் இன்னும் பழையது, 1925இலிருந்து இயங்குகிறது. வெளியே கால் வைக்கவே முடியாத நாளுக்கு ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட அதில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் இலவசமாகத் திறக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று ஏதாவது அகப்பட்டால் அன்றைய மழை போவதே தெரியாது.

ஞாயிற்றுப் பத்திரிகைக் குறுக்கெழுத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரு பேனையோடு செய்வதுதான் அதன் சுவை.

பிளாட்டில ஒரு பிடி மண் இல்லை. செடி வளர்க்கலாமோ?

பல்கனியில் மூன்று சட்டி வைக்க இடம் இருந்தால் வளர்க்கலாம். மழைக்காலத்தில் செடி பிழைப்பது சுலபம், அழுகுவதும் சுலபம். வல்லாரை, பொன்னாங்காணி, புதினா ஈரத்தை விரும்பும். தண்டை நட்டாலே பிடித்துவிடும். ரம்பையும் சேரையும் (எலுமிச்சைப்புல்) அப்படித்தான். கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் வேர் நனைந்தபடியே இருந்தால் ஆகாது. சட்டியின் அடியில் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும், மண்ணோடு தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சம் கலக்க வேண்டும். மழை நாளில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொன்னாலும் பழக்கத்தில் ஊற்றுகிறவர்கள் உண்டு. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் வாளியைக் கீழே வையுங்கள்.

ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் வெந்தயத்தை ஊறவைத்து, தட்டையான பாத்திரத்தில் மண்ணில் தூவுங்கள். இரண்டு மூன்று கிழமையில் கீரை கிள்ளலாம். வேகமாக முளைப்பதால் பிள்ளைகளுக்குக் காட்டவும் நல்லது.

பூச்சட்டி வச்சா டெங்கு வரும் எண்டு மேல் மாடி ஐயா பேசுறார். அவர் சொல்றது சரியே?

ஐயா சொல்வதில் பாதி சரி. செடியால் டெங்கு வருவதில்லை, சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரால் வரும். டெங்கு நுளம்பு சுத்தமான தேங்கிய நீரை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை இடும். முட்டை வளர்ந்து நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்ற கணக்கு. தண்ணீரை வெளியே ஊற்றினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டே வைக்காதீர்கள், அல்லது தட்டை மணலால் நிரப்புங்கள்.

பூச்சட்டியைத் திட்டுகிறவர்கள் பார்க்க மறக்கும் இடங்கள் வேறு: குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, ஏசியின் தண்ணீர்க் குழாய் விழும் வாளி, கூரைப் பீலி, சாமித்தட்டுப் பூச்சாடி, மணிபிளான்ட் வைத்த போத்தல். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது தண்டனைக்குரியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஐயாவின் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியையும் பார்ப்பார். இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஜன்னலால பார்த்தா காகம்தான். பறவை பார்க்கிறது எல்லாம் எங்களுக்குச் சரிவருமே?

இந்த மாதங்களில்தான் நன்றாகச் சரிவரும். வடக்கே குளிர் தொடங்கும்போது அங்கிருந்து பறவைகள் இலங்கைக்கு வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிப் போகின்றன. அவற்றில் ஆறுமணிக்குருவி என் செல்லம். இந்தியாவில் கூடுகட்டிவிட்டு ஒக்டோபர் அளவில் இங்கே வரும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கத்தும். மரமுள்ள தோட்டங்களில், கொழும்புக்குள்ளும், அதன் குரல் கேட்கும். பார்ப்பதுதான் கஷ்டம், நிலத்தில் சருகுக்குள் திரியும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் பச்சைப் பறவை என்றால் நீலவால் பஞ்சுருட்டானாக இருக்கலாம். கடற்கரை ரயில் பாதைப் பக்கம் ஜன்னல் உள்ளவர்கள் அலைக்கு மேலே ஆலாக்களைத் தேடலாம்.

எப்போதும் இருப்பவையும் குறைவில்லை: புலுனிக் கூட்டம், செண்பகம், மாங்குயில், தேன்சிட்டு. கொண்டைக்குருவி விறாந்தை விளக்கிலேயே கூடு கட்டிவிடும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், மழையா வெயிலா என்று எழுதிவாருங்கள். கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது சும்மா இல்லை. மழை விட்ட ஒரு காலையில் பக்கத்து ஈரநிலப் பூங்காக்களான தியசருவுக்கோ பெத்தகானவுக்கோ போனால் கொப்பி ஒரே நாளில் நிறையும்.

டிசம்பர் லீவில ரெண்டு பெடியளை வீட்டுக்குள்ள வச்சுச் சமாளிக்க ஏலாமல் இருக்கு. என்ன குடுக்கலாம்?

304 என்ற கடதாசி (சீட்டு) ஆட்டத்தைப் பழக்குங்கள். கணக்கு வீட்டுப்பாடத்தை விட்டு ஓடும் பிள்ளை இதில் மனக்கணக்குப் போடும். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஒவ்வொரு இனத்திலும் 7இலிருந்து மேலே எட்டு, மொத்தம் 32 கடதாசி. புள்ளிக் கணக்கு: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. முதலில் நாலு கடதாசியைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் மாதிரிக் கேள்வி கேட்டு, கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகு மிச்ச நாலும் வரும். ராஜாவை ஒன்பது வெட்டும் என்பதை முதல் நாள் யாரும் நம்ப மாட்டார்கள். அப்பப்பா, அம்மப்பா யாராவது வீட்டில் இருந்தால் அவர்களையே ஆசிரியராக்குங்கள். அவர்கள் சத்தம் போடுவார்கள், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

கரம் போர்ட் இருந்தால் மழையில் காய் ஓடாது, பலகை ஈரத்தை இழுத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மேலே ஒரு குண்டு பல்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, பிறகு பவுடர் போடுங்கள். வெளிச்சுவரில் சாத்தி வைத்தால் பலகை வளையும்.

மிச்ச நேரத்துக்கு வெந்தயச் சட்டியும் பறவைக் கொப்பியும் மேலே இருக்கின்றன.

சமையலும் பொழுதுபோக்குதான் எண்டு சொன்னன், மனுசி அகப்பையோட வந்திட்டா. நான் சொன்னது பிழையே?

பிழை. நாளுக்கு மூன்று வேளை கட்டாயத்துக்குச் சமைப்பவருக்கு அது வேலை. பொழுதுபோக்காகச் செய்ய வேண்டியவர் நீங்கள். கழுவித் துடைப்பதும் சேர்த்து.

மழைக்கு ஒடியல் கூழ் வையுங்கள். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்கும். மாவைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டால் கசப்புக் குறையும். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி அவியட்டும். பிறகு நண்டு, இறால், மீன் தலை. அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி. கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றி, முருங்கை இலை போட்டு, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்சுவது வீண். பக்கத்து வீட்டையும் கூப்பிடுங்கள். பனையோலைப் பிளா கிடைக்காது என்பதால் கிண்ணம் போதும், உறிஞ்சும் சத்தத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

நத்தார் கொண்டாடும் வீடுகளில் கேக் வேலை நவம்பரிலேயே தொடங்கும். எங்கள் நாட்டுக் கேக்கில் ரவையோடு முந்திரிப்பருப்பு, பூசணித் தோசி, இஞ்சித் தோசி (சீனிப்பாகில் காய்ச்சியவை) எல்லாம் பொடியாக வெட்டிப் போட வேண்டும். வெட்டுவது ஒரு பின்னேரம் முழுக்க எடுக்கும். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் வெட்டும் நாள்தான் நத்தாரைவிடக் கலகலப்பு.

புத்தகம், முத்திரை, கமரா லென்ஸ் எல்லாத்திலயும் பூஞ்சணம். சேர்க்கிற ஆசையே போச்சு.

கொழும்பில் சேகரிப்பவர்களின் முதல் எதிரி இதுதான். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்த மாதிரி. இங்கே மழைக்காலத்தில் பெரும்பாலும் அதற்கு மேலேதான். புத்தக அலுமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்க வேண்டாம். மழையில்லாத காலைகளில் கதவைத் திறந்து ஃபேனைத் திருப்பிவிடுங்கள். பூத்த புத்தகத்தை முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த துணியால் துடைத்து நிழற்காற்றில் விரியுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் தாள் வளையும், அட்டை வெளிறும். வேப்பிலை பூச்சிக்கு வேண்டுமானால் உதவும், ஈரத்துக்கு உதவாது.

கமராவுக்கும் முத்திரைக்கும் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஈரம் குடித்து முடிந்தது தெரியும். அந்த வகையின் பொதியில் போட்டுள்ளபடி சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். லென்ஸைத் தோல் உறைக்குள் வைக்க வேண்டாம். முத்திரை அல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் பாவிக்காத முத்திரைகளின் பசை தாளோடு ஒட்டிவிடும். இலங்கையின் முதல் முத்திரை, ஆறு பென்ஸ், 1857 ஏப்ரல் 1இல் வெளிவந்தது. அந்தக் காலத்து முத்திரைகள் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால் யாரோ காய்ந்த பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

வயலின் பழகிறன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில தட்டுறார். என்ன செய்ய?

மழை பலமாகக் கொட்டும்போது வாசியுங்கள். தகரக் கூரைக்குப் பக்கத்தில் உங்கள் சத்தம் யாருக்கும் கேட்காது. மற்ற நேரத்துக்குப் சத்தத்தைக் குறைக்கும் பயிற்சி மியூட் ஒன்றை, தந்திகளைத் தாங்கும் குதிரையில் மாட்டலாம். அவருக்குப் பிடித்த பாட்டு எதுவென்று கேட்டுப் பழகுவதும் ஒரு வழி, கொஞ்சம் காலம் எடுக்கும்.

ஈரம் இங்கேயும் வரும். வாசித்து முடிந்ததும் வில்லைத் தளர்த்துங்கள், தந்தியைத் துடையுங்கள், பெட்டிக்குள் மேலே சொன்ன சிலிக்கா ஜெல் பை ஒன்று. மிருதங்கக்காரருக்கு இன்னும் கஷ்டம்: தோல் ஈரத்தை இழுத்துத் தளர, சுருதி இறங்கும். துணியால் சுற்றிக் காற்றோட்டமான அலுமாரியில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது. மழைக்குக் கோயிலுக்கும் போக ஏலாது. நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி.

அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், பொழுதுபோக்கு என்ற பெயரில்லாமல். கார்த்திகையில் தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை 21 நாள், மார்கழியில் திருவெம்பாவை 10 நாள். அந்த நாட்களில் வீட்டில் படிக்கும் பொறுப்பு அவருடையது, கேட்கும் பொறுப்பு உங்களுடையது. பின்னல் தெரிந்தவர் என்றால் கம்பளி நூல் வேண்டாம், இந்த வெக்கைக்கு யார் போடுவது? பருத்தி நூலும் ஒரு கொக்கியும் வாங்குங்கள். மேசை விரிப்பு, கைப்பை எல்லாம் வரும். கண் மங்கல் என்றால் காலை வெளிச்சத்தில் மட்டும்.

இன்னொன்று: அவருடைய சமையலை அளவோடு எழுதி எடுங்கள். “கண்மட்டம்” என்பார். அந்தக் கண்மட்டத்தைக் கரண்டிக் கணக்காக்க ஒரு மழைக்காலம் போதாது.

கரண்ட் போனா?

304. இடி கேட்கத் தொடங்கும்போதே டீவி, ரௌட்டர் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள், இடிக்குள் குளிக்கப் போகாதீர்கள்.

தனியா அனெக்ஸில இருக்கிறன். மழை எண்டா மனம் ஒரு மாதிரி ஆகுது. செடியும் பின்னலும் இதுக்குக் காணுமே?

சிலருக்குக் காணும், சிலருக்குக் காணாது. தனியே இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இன்னோர் ஆளோடு கட்டிய பழக்கம்: செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் தங்கச்சியோடு போனில் குறுக்கெழுத்து, சனிக்கிழமை கீழ் மாடியில் கரம். ஆள் காத்திருக்கிறார் என்றால் எழும்பத்தான் வேண்டும். காலை வெளிச்சமிருக்கும்போது பத்து நிமிடமாவது கீழே இறங்கி நடவுங்கள்.

ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பி, பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால் அதைப் பொழுதுபோக்கால் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எடுத்துக் கதைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டொரன்டோவில இருக்கிற அண்ணா கேக்கிறார், இதுகள் தங்களுக்கும் சரிவருமோ எண்டு.

பாதிக்குப் பாதி. அங்கே டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. அவர் தேட வேண்டியது வெளிச்சத்தை. வேலைக்கு முன்னோ மதியத்திலோ வெளியே தலைகாட்ட வேண்டும், செடியைத் தெற்குப் பக்க ஜன்னலுக்கு மாற்ற வேண்டும். ஈரக் கதை அங்கே தலைகீழ்: ஹீட்டர் வீட்டுக் காற்றைக் காயவைக்கும், வீணையும் வயலினும் வெடிக்கலாம். சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு ஈரம் கொடுக்கும் கருவியைத் தேடட்டும். 304க்கு மாற்றம் தேவையில்லை. கூழுக்கும்.

ஜனவரி வெயில் வந்த உடனே எல்லாம் அப்படியே நிண்டு போகுது. என்ன செய்தா தொடரும்?

நின்றால் நிற்கட்டும். ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள், வெளியே போங்கள். கட்டிவைக்கும் முன் இரண்டு வேலை மட்டும்: பின்னலில் எந்த வரியில் விட்டீர்கள் என்று துண்டெழுதிக் குத்திவையுங்கள், இல்லாவிட்டால் மே மாதம் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவரும். புத்தகங்களையும் பெட்டிகளையும் அந்த வெயில் நாட்களிலேயே திறந்து காற்றாடவிட்டு மூடுங்கள். பறவைக் கொப்பியை மட்டும் நிறுத்த வேண்டாம், ஆறுமணிக்குருவி ஏப்ரல் வரை இங்கேதான்.